பி.ஐ. எங்களுடையது, சீல் எங்களுடையது, அக்கவுண்ட் மட்டும் வேறு எவனுடையதோ

பின்னலாடைக்காரன் | இரவு 10:42

வணக்கம். திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். பெயர் கேட்காதீர்கள், இந்த ஊரில் சாயப்பட்டறையிலிருந்து செக்கிங் டேபிள் வரை எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

எங்கள் பையர் ஒருவர், ஐரோப்பாவில் குழந்தைகள் உடை விற்கும் சின்ன பிராண்ட். ஆறு வருடப் பழக்கம். 30 சதவீதம் அட்வான்ஸ், மீதி டாக்குமெண்ட் காப்பி பார்த்ததும் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர், அதாவது பேங்கிலிருந்து பேங்குக்கு நேரடிப் பணம் என்பது எங்களுக்குள் ஏற்பாடு. போன மாதம் மீதித் தொகை 38,400 யூரோவை அனுப்பிவிட்டதாக ஸ்விஃப்ட் காப்பி அனுப்பினார். பார்த்தால் பெயர் எங்கள் கம்பெனி பெயர். பேங்க் மட்டும் ஹாங்காங்கில் இருக்கிறது. எங்களுக்கு ஹாங்காங்கில் அக்கவுண்டும் இல்லை, அத்தை மகனும் இல்லை.

அவருக்கு வந்த மெயில் சங்கிலி முழுவதையும் வாங்கிப் படித்தேன். இரண்டு நாளாகத் தூக்கம் போனதற்குக் காரணம் பணம் மட்டும் இல்லை, அந்த மெயில். பையர்களோடு ஆர்டர் விஷயம் பேசுகிற எங்கள் மெர்ச்சண்டைசர் பெண் எழுதியது போலவே இருக்கிறது. அவள் மெயிலை 'பெஸ்ட் ரிகார்ட்ஸ்' என்பதைச் சுருக்கி, நடுவில் இடம் விடாமல் 'பி.ரிகார்ட்ஸ்' என்று ஒட்டித்தான் முடிப்பாள், அதிலும் அப்படியே. இணைத்திருந்த பி.ஐ.யில், அதாவது புரொஃபார்மா இன்வாய்ஸில், ஸ்டைல் நம்பர், ஜி.எஸ்.எம். என்கிற துணி எடை, பீஸ் கணக்கு, தூத்துக்குடி போர்ட், எம்.டி. கையெழுத்து, வட்ட சீல் எல்லாம் சரி. 'ஸ்லீவ்' என்ற வார்த்தையின் ஸ்பெல்லிங்கை ஆறு வருடமாகத் தப்பாகவே அடித்துக்கொண்டிருக்கிறோம். அந்தத் தப்பும் இருக்கிறது! எம்.டி.க்கும் ஆடிட்டருக்கும் காப்பி போட்டிருக்கிறான். மூன்று முகவரியும் போலி. எங்கள் டொமைன் பெயரின் கடைசியில் ஒரே ஒரு 'எஸ்' கூடுதல்.

மெயிலில் சொன்ன காரணம் ஒன்றரை வரிதான்: இங்கே ஆடிட் நடக்கிறது, இந்த ஒரு பேமெண்டை மட்டும் எங்கள் ஹாங்காங் அக்கவுண்டுக்கு அனுப்புங்கள்.

எப்படி இவ்வளவு அச்சு அசலாகச் செய்ய முடிகிறது? யாருக்காவது அனுபவம் உண்டா?


வெட்டிப்பேச்சு வேலு | இரவு 11:05

38,400 யூரோ அனுப்புகிறவர் ஒரு போன் போட்டுக் கேட்க மாட்டாரா? ஏமாறுகிறவன் இருக்கும்வரை ஏமாற்றுகிறவன் இருப்பான். எனக்கும் வாரம் ஒரு நைஜீரிய இளவரசர் எழுதுகிறார், அப்பா விட்டுப்போன 2 கோடி டாலரில் எனக்கும் பங்கு உண்டாம். முதல் வரியிலேயே சிரிப்பு வந்துவிடும். பேராசைதான் காரணம், வேறொன்றும் இல்லை.


சர்வர் சாமி | இரவு 11:38

வேலு, இளவரசரும் இவனும் ஒரே தொழில் இல்லை. ஒருவர் வலை வீசுகிறார், மற்றவன் குறி பார்த்துச் சுடுகிறான்.

இளவரசர் மெயில் அசட்டுத்தனமாக இருப்பதற்கே ஒரு காரணம் உண்டு. மைக்ரோசாஃப்டில் ஆய்வாளராக இருந்த கோர்மாக் ஹெர்லி 2012ல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மெயில் அனுப்ப அவனுக்குச் செலவே இல்லை. பதில் போட்டவர்களோடு வாரக்கணக்கில் பேசுவதில்தான் உழைப்பு. பாதியில் சுதாரித்துக்கொள்கிற ஆள் அவனுக்கு நஷ்டம். அதனால் உங்களைப் போன்றவர்கள் முதல் வரியிலேயே சிரித்துவிட்டுப் போய்விட வேண்டும் என்பதுதான் அவன் கணக்கு. உங்களைத் தூக்கிப்போட்டுவிட்டான், அவ்வளவுதான்.

திருப்பூர் நண்பருக்கு நடந்தது வேறு ரகம். பேராசைதான் காரணம் என்றால் கூகுளும் ஃபேஸ்புக்கும் எதற்கு ஆசைப்பட்டன என்று சொல்லுங்கள். இரண்டையும் ஏமாற்றியவர் லித்துவேனியாக்காரர் எவல்தாஸ் ரிமசவுஸ்கஸ். தைவானில் குவாண்டா கம்ப்யூட்டர் என்ற பெரிய உற்பத்தி நிறுவனம் இருக்கிறது. இரண்டு கம்பெனிகளும் அதனிடம் சாமான் வாங்கிவந்தன. அந்த ஆள் லாட்வியாவில் அதே பெயரில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்தார். லாட்வியாவிலும் சைப்ரஸிலும் அந்தப் பெயரில் பேங்க் அக்கவுண்ட் திறந்தார். அப்புறம் குவாண்டா ஆட்கள் எழுதுவது போல இன்வாய்ஸ் அனுப்பினார். 2013 முதல் 2015 வரை மொத்தம் 12 கோடி டாலருக்கு மேல். ஃபேஸ்புக்கிலிருந்து மட்டும் 9.9 கோடி.

இதில் எனக்குப் பிடித்த இடம், பிடித்த என்று சொல்லக்கூடாது, சரி, வியந்த இடம்: இவ்வளவு பெரிய தொகை வந்தால் பேங்க் கேள்வி கேட்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் பேங்குக்குக் காட்டவே தனியாக ஒப்பந்தங்களும் கடிதங்களும் தயார் செய்துவைத்தார். ஏமாந்த கம்பெனிகளின் அதிகாரிகள் கையெழுத்துப் போட்டது போல, அவர்கள் கம்பெனி முத்திரையோடு. 2019 டிசம்பரில் நியூயார்க்கில் 5 வருடம் சிறை.

சாமான் நிஜமாகவே வாங்கப்பட்டது. கொடுக்க வேண்டிய பணமும் நிஜம். சப்ளையர் பெயரும் நிஜம். பொய் ஒரே ஒரு வரியில்தான் இருந்தது. உங்கள் பி.ஐ.யையும் அப்படிப் படித்துப் பாருங்கள், நண்பரே.


பின்னலாடைக்காரன் | இரவு 11:51

படித்துவிட்டேன். 41 வரி. 40 வரி நிஜம்.

ஆனால் ஜி.எஸ்.எம்., பீஸ் கணக்கு எல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும்? உள் ஆள் யாரோ என்று முதலாளி சந்தேகப்படுகிறார். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார்கள். அழுதுகொண்டே வெளியே வந்தாள்.


சர்வர் சாமி | நள்ளிரவு 12:04

அந்தப் பெண்ணை முதலில் விடச் சொல்லுங்கள். நாளைக் காலை அவர் மெயில் பெட்டியைப் பிரவுசரில் திறந்து, செட்டிங்ஸில் 'ரூல்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கும், வரும் மெயிலைத் தானாக வேறு ஃபோல்டருக்குத் தள்ளும் கட்டளை அங்கே ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் யாரும் தொடாத ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதாது, மாற்றிய பிறகும் அந்த ரூல் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.


கேஷியர் ராமநாதன் (ஓய்வு) | காலை 6:15

ஃபாரெக்ஸ் கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஸ்விஃப்ட் காப்பியில் உங்கள் கம்பெனி பெயர் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்துத்தான் பையர் நிம்மதியாக இருந்திருப்பார். பல இடங்களில் பணம் போவது எண்ணுக்கு, பெயருக்கு இல்லை. நம் ஊரிலேயே வரவு வைப்பதற்கு அக்கவுண்ட் நம்பர் மட்டும் போதும் என்று ரிசர்வ் வங்கி 2010லேயே சுற்றறிக்கை விட்டது. நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ்.ஸில் அனுப்புவதற்கு முன்னால் பெறுபவர் பெயரைக் காட்டும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று சொன்னது 2024 டிசம்பரில்தான், கெடு 2025 ஏப்ரல் 1. அதுவரை ராமசாமி என்று எழுதி முனுசாமி நம்பரைப் போட்டால் பணம் முனுசாமிக்குத்தான்.

ஐயா, பணம் புறப்பட்டது பையர் பேங்கிலிருந்து. அதனால் திருப்பி அழைக்கச் சொல்லி அவர் பேங்குக்கும், அங்கே உள்ள போலீசுக்கும் அவர்தான் எழுத வேண்டும். எழுதிவிட்டாரா? இதில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. நம் ஊரிலிருந்து போன பணம் என்றால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடிக்கச் சொல்லியிருப்பேன்.


பின்னலாடைக்காரன் | காலை 9:50

எழுதிவிட்டார் சார், ஆனால் பன்னிரண்டு நாள் கழித்து. 'பணம் வந்ததா' என்று அவர் கேட்ட மெயில்களுக்கெல்லாம் 'பேங்கில் தாமதம், கவலைப்படாதீர்கள்' என்று பதில் போட்டிருக்கிறான் அந்தப் புண்ணியவான். எங்களிடம் அவர் பெயரில் 'இந்த வாரம் அனுப்பிவிடுகிறேன்' என்று எழுதியிருக்கிறான். இரண்டு பக்கமும் அவனே நடுவில் உட்கார்ந்து குடித்தனம் நடத்தியிருக்கிறான்.

சாமி, நீங்கள் சொன்னது போல ரூல் இருந்தது! பையர் பெயரோ 'பேமெண்ட்' என்ற வார்த்தையோ இருந்தால் மெயில் நேராக 'ஆர்.எஸ்.எஸ். ஃபீட்ஸ்' என்ற ஃபோல்டருக்குப் போய்விடும். 57 மெயில் கிடந்தது. முதலாளியிடம் ஆர்.எஸ்.எஸ். ஃபோல்டர் என்று சொன்னதும் அவர் அரசியல் என்று நினைத்து ஒரு நிமிடம் குழம்பிவிட்டார். பழைய தேதி பார்த்தால் ஆறு வாரத்துக்கு முன்பே வைத்திருக்கிறான்.

அந்தப் பெண்ணும் யோசித்துச் சொன்னாள். ஒரு நாள் 'டெக் பேக்', அதாவது உடையின் டிசைன் விவரம், என்ற பெயரில் ஒரு லிங்க் வந்ததாம், திறக்கும்போது பாஸ்வேர்ட் கேட்டதாம், போட்டாளாம், ஒன்றும் திறக்கவில்லையாம். ஷிப்மெண்ட் நேரத்து அவசரத்தில் மறந்தேவிட்டாள்.


சர்வர் சாமி | காலை 10:20

ஆறு வாரம் அவன் எதையும் செய்யவில்லை, படித்தான். நாடகக்காரன் பாடம் படிப்பது போல. யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், யார் 'சார்' போடுகிறார்கள், எந்தக் கிழமை பேமெண்ட் போகிறது, எம்.டி. எப்போது வெளியூரில் இருக்கிறார், எல்லாம். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். அவனாக உருவாக்கியது எதுவும் இல்லை, நீங்கள் எழுதிவைத்ததைத்தான் உங்களுக்குத் திருப்பிக் கொடுத்தான்.

அவனாகச் சேர்த்தது அந்த 'எஸ்' மட்டும். ஒரு டொமைன் வாங்க ஆயிரம் ரூபாய் போதும். சிலர் 'எம்' எழுத்துக்குப் பதில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டிப் போடுவார்கள், போன் ஸ்கிரீனில் எம் போலவே இருக்கும். சிரிலிக் 'ஏ' இன்னும் மோசம், கண்ணுக்கு ஆங்கில 'ஏ', கம்ப்யூட்டருக்கு வேறு எழுத்து. போனில் பெரும்பாலும் பெயர் மட்டும்தான் தெரியும், முகவரி தெரிய வேண்டுமானால் தட்டிப் பார்க்க வேண்டும். யார் தட்டுகிறோம்?

எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் எல்லாம் போட்டிருக்கிறோமே என்று உங்கள் ஐ.டி. ஆள் சொல்வார். அவை ஒன்றைத்தான் பார்க்கும்: இந்த டொமைனிலிருந்து வந்ததாகச் சொல்லும் மெயில் அங்கிருந்துதான் வந்ததா. அவன் சொந்தக் காசில் வாங்கிய டொமைனுக்கு மூன்றையும் உங்களைவிட ஒழுங்காகப் போட்டிருப்பான். சோதனையில் முதல் வகுப்பில் பாஸ் ஆவான். அடையாள அட்டை ஒரிஜினல், ஆள்தான் வேறு.


கொள்ளுப்பிட்டி குமரன் | முற்பகல் 11:32

எங்கட பக்கத்துக் கதை ஒன்றும் இருக்கு. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் நியூயார்க் கணக்கில் கொள்ளை நடந்தது தெரியும்தானே. கிட்டத்தட்ட 100 கோடி டொலருக்குக் கட்டளை போட்டு, 8.1 கோடியை மணிலாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 2 கோடி இலங்கையில் ஒரு அறக்கட்டளையின் கணக்குக்கு வந்தது. கட்டளையில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லை 'ஃபேண்டேஷன்' என்று எழுதியிருந்ததால் இடையில் இருந்த டொய்ச் வங்கி விளக்கம் கேட்க, அந்தக் காசு திரும்பிப் போனது.

எல்லாரும் அந்த எழுத்துப்பிழையைத்தான் கதைக்கிறது. எனக்கு அதன் தொடக்கம்தான் மறக்க ஏலாது. அமெரிக்க நீதித்துறை தாக்கல் செய்த குற்றப் புகாரில் இருக்கு: அதற்கு ஒரு வருடம் முன்பே, 2015 ஜனவரியில், ரசெல் அஹ்லாம் என்ற பெயரில் ஒருவர் அந்த வங்கி ஊழியர்களுக்கு மின்னஞ்சல் போட்டார். உங்கள் நிறுவனத்தில் வேலை பார்க்க மிகவும் ஆசை, நேர்முகத் தேர்வுக்கு வாய்ப்புத் தாருங்கள், என் விண்ணப்பம் இந்த இணைப்பில். அவ்வளவுதான். வேலை தேடும் ஒரு இளைஞன், பணிவான நாலு வரி. பணக்காரனும் இல்லை, அதிகாரியும் இல்லை. எங்கள் நாடுகளில் யாருக்கு அப்படி ஒரு தம்பி இல்லை? சிலர் திறந்து பார்த்தார்கள். வடகொரியாக்காரர் உள்ளே வந்தது அந்தத் தம்பி வேடத்தில்தான் என்று அமெரிக்கர் சொல்கிறார்கள்.


வெட்டிப்பேச்சு வேலு | மதியம் 12:10

சரி, நான் சொன்னது கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் கேட்கிறேன், போன் போட்டிருந்தால் தீர்ந்திருக்குமே?


கேஷியர் ராமநாதன் (ஓய்வு) | மதியம் 1:25

யாருக்கு யார் போன் போடுவது என்பதில் இருக்கிறது தம்பி.

மயர் டெக்னிமாண்ட் என்று ஒரு இத்தாலிய என்ஜினியரிங் கம்பெனி. 2018 நவம்பரில் அதன் இந்தியக் கிளைத் தலைவருக்கு, குழுமத்தின் தலைமை அதிகாரி எழுதுவது போல மெயில் வந்தது. சீனாவில் ஒரு கம்பெனியை ரகசியமாக வாங்கப் போகிறோம், வெளியே தெரியக்கூடாது என்று. வெறும் மெயிலோடு விடவில்லை. வரிசையாக கான்ஃபரன்ஸ் கால் ஏற்பாடு செய்தார்கள். ஒருவர் தலைமை அதிகாரியாக, ஒருவர் ஸ்விட்சர்லாந்து வக்கீலாக, இன்னும் சிலர் மற்ற அதிகாரிகளாகப் பேசினார்கள். ஒழுங்குமுறைச் சிக்கலால் இத்தாலியிலிருந்து பணம் அனுப்ப முடியவில்லை, நீங்கள் அனுப்புங்கள் என்றார்கள். ஒரே வாரத்தில் மூன்று தவணை, மொத்தம் 1.86 கோடி டாலர், அன்றைய மதிப்பில் 130 கோடி ரூபாய். போய்ச் சேர்ந்தது எங்கே என்று நினைக்கிறீர்கள்? ஹாங்காங். நாலாவது தவணைக்கும் முயன்றார்கள். டிசம்பரில் நிஜத் தலைவர் இந்தியாவுக்கு வந்தபோதுதான் குட்டு உடைந்தது.

அந்த வக்கீல் வேடத்தைக் கவனியுங்கள். முதலாளி மட்டும் பேசியிருந்தால் ஒருவேளை சந்தேகம் வந்திருக்கும். பக்கத்தில் ஒரு வக்கீலை உட்கார வைத்துவிட்டால் எதிரில் இருப்பவர் பேச்சு அடங்கிவிடும். கவுண்டரில் நானே பார்த்திருக்கிறேன், கோட்டுப் போட்ட ஆள் கூட வந்தால் எங்கள் கிளார்க் பையன் படிவத்தைப் படிக்காமலேயே முத்திரை குத்துவான். திருப்பூர் மெயிலில் ஆடிட்டருக்குக் காப்பி போட்டது எதற்கு என்று இப்போது புரிகிறதா?

அதனால் போன் போட வேண்டும்தான். ஆனால் மெயிலின் அடியில் இருக்கிற நம்பருக்கு இல்லை, பழைய டைரியில் இருக்கிற நம்பருக்கு.


சர்வர் சாமி | மதியம் 1:40

கூடுதலாக ஒன்று. 2024ல் ஹாங்காங்கில் ஆரப் என்ற பொறியியல் கம்பெனி ஊழியர் மெயிலைப் பார்த்துச் சந்தேகப்படத்தான் செய்தார். வீடியோ மீட்டிங்கில் நிதி அதிகாரியையும் உடன் வேலை செய்பவர்களையும் நேரில் பார்த்ததும் சந்தேகம் போய்விட்டது. அத்தனை முகமும் கம்ப்யூட்டர் செய்தது. போனது 20 கோடி ஹாங்காங் டாலர். ராமநாதன் சார் சொன்ன பழைய டைரிதான் இன்றைக்கும் சரி.


நிலா அக்கா | பிற்பகல் 3:18

கம்பெனிக் கதையாகவே போகிறது, வீட்டுக் கதை ஒன்று சொல்கிறேன்.

என் அப்பா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். ஒரு நாள் இரவு எனக்குப் போன் செய்து, "அம்மாடி, இன்டர்நெட்டில் தெரியாமல் எதையாவது தொட்டுவிட்டால் கேஸ் வருமா?" என்றார். குரலே சரியில்லை. மறுநாள் ஊருக்குப் போனேன். மெயிலில் ஒரு கடிதம்: அசோகச் சின்னம், சைபர் குற்றப் பிரிவின் பெயர், இரண்டு சீல், பச்சை மையில் கையெழுத்து. நீங்கள் குழந்தைகளின் ஆபாசப் படம் பார்த்தது பதிவாகியிருக்கிறது, போக்சோ சட்டத்தின் இந்தப் பிரிவுகள், 24 மணி நேரத்துக்குள் விளக்கம் தராவிட்டால் கைது. இப்படிப் போலிக் கடிதங்கள் சுற்றுவதாக மத்திய அரசின் செய்திப் பிரிவான பி.ஐ.பி. பலமுறை எச்சரித்திருக்கிறது. அப்பாவுக்கு அதெல்லாம் தெரியாது.

மூன்று நாள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. 36 வருடம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த மனிதரிடம் அந்த வார்த்தையைச் சொன்னால் அவர் யாரிடம் போய்க் காட்டுவார்? வேலு, இதில் எங்கே பேராசை?

கடிதத்தில் இலக்கணப் பிழை இருந்தது, அனுப்பிய முகவரி சாதாரண ஜிமெயில். பத்தாம் வகுப்புத் தாளில் ஒற்றுப்பிழைக்கு அரை மார்க் குறைத்தவர் அவர். அன்றைக்கு அவர் கண்ணில் எதுவும் படவில்லை. சீல் மட்டும்தான் பட்டது.


வெட்டிப்பேச்சு வேலு | பிற்பகல் 3:40

அக்கா, மன்னித்துவிடுங்கள். அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?


நிலா அக்கா | பிற்பகல் 3:44

நன்றாக இருக்கிறார். இப்போது மின்வாரிய பில் நிஜமாகவே வந்தாலும் எனக்கு அனுப்பி, "இது அசலா?" என்று கேட்கிறார்.


பின்னலாடைக்காரன் | இரவு 9:30 (எட்டு நாள் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. பணம் திரும்பவில்லை. ஹாங்காங் பேங்க், அக்கவுண்டில் மிச்சம் இல்லை என்று பையர் பேங்குக்குப் பதில் போட்டுவிட்டது. பையருக்கும் எங்களுக்கும் ஆளுக்குப் பாதி என்று பேச்சு முடிந்திருக்கிறது, எங்கள் பாதியை அடுத்த இரண்டு ஆர்டரில் கழித்துக்கொள்வார். எங்கள் பேங்க் கணக்கில் அந்தப் பில் இன்னும் திறந்தே கிடக்கிறது, அதற்கு நான் தனியாகக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். இனிமேல் அக்கவுண்ட் விவரம் பி.ஐ.யில் அச்சாவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை கூரியரில் போகும், மாற்றம் என்றால் எம்.டி.யே போனில் சொல்வார்.

விஷயம் எப்படி வெளியே வந்தது என்று நான் முதலில் எழுதவில்லை. எழுத மனம் வரவில்லை.

பையர் ஒரு பெண்மணி. ஆர்டர் நடக்கும்போது ஒரு மெயிலில், பையனுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், சாம்பிள் அப்ரூவல் இரண்டு நாள் தாமதமாகும் என்று எழுதியிருந்தார். எங்கள் பெண் அதற்கு 'நோட்டட்' என்று பதில் போட்டிருந்தாள். ஷிப்மெண்ட் நெருக்கடி, அவளுக்கு அன்றைக்கு வேறு நினைவே இல்லை. இரண்டு வாரம் கழித்து அவன் எழுதிய முதல் மெயில், அக்கவுண்ட் விஷயம் எதுவும் இல்லாத மெயில், இப்படித் தொடங்குகிறது: உங்கள் மகனுக்கு இப்போது எப்படி இருக்கிறது?

அப்புறம் வேறு ஒரு ஸ்டைலின் பட்டன் விஷயமாக அவர் எங்கள் பெண்ணுக்குப் போன் செய்தார். பேசி முடிக்கும்போது, பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான், நீ விசாரித்தது சந்தோஷமாக இருந்தது என்றார். இவள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "நான் விசாரிக்கவே இல்லையே மேடம்" என்றாள்.